காந்த பவர் பேங்குக்கும் காரைக்குடிக்கும் என்ன சம்பந்தம்? 300 ஏக்கர் கொடுத்த அழகப்பச் செட்டியாரின் கதை

ஆவடியில் இருந்து சென்ட்ரல் போகிற மின்சார ரயிலில் காலை எட்டு மணிக்கு ஏறினால் இப்போ அடிக்கடி கண்ணில் படுவது ஒன்று உண்டு: போனின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் செவ்வகப் பெட்டி. ஒயர் கிடையாது. 'டக்'கென்று ஒட்டுகிறது, சார்ஜ் ஏறுகிறது. காந்த பவர் பேங்க். ஆவடி மார்க்கெட் பக்கம் இருக்கும் செல்போன் கடைகளிலும் இதுதான் முன்வரிசையில் தொங்குகிறது.

வாங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, காந்தம் எப்படி சார்ஜ் ஏற்றுகிறது என்பதுதான். உண்மையில் அந்தக் காந்தம் சார்ஜ் ஏற்றுவதே இல்லை. அதன் வேலை போனையும் பெட்டியையும் சரியான இடத்தில் பிடித்து வைப்பது மட்டும்தான். சார்ஜ் ஏற்றுவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள். அந்தச் சுருளில் விநாடிக்கு ஒரு லட்சம் முறைக்கும் மேல் திசை மாறும் மின்னோட்டம் ஓடும். அதனால் பக்கத்தில் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலம் உருவாகும். போனுக்குள் இருக்கும் இன்னொரு சுருளில் அந்தப் புலம் மின்சாரத்தைத் தூண்டும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல்தான். இரண்டு சுருளும் நேர்க்கு நேர் இல்லாவிட்டால் பாதி ஆற்றல் சூடாகப் போய்விடும். அதனால்தான் வளையமாகக் காந்தம் வைத்தார்கள். 2020-ல் ஐபோன் 12 உடன் ஆப்பிள் இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. 2023-ல் வந்த 'சீ2' தரநிலை மற்ற போன்களுக்கும் வழி திறந்தது.

ஃபாரடே கதை பள்ளிப் பாடத்திலேயே இருக்கு, அதை விடுவோம். இந்தப் பெட்டிக்குள் சுருளும் காந்தமும் சேர்ந்தாலும் எடையில் கொஞ்சம்தான். மீதி எல்லாம் பேட்டரி. லித்தியம் அயனி செல். மின்சாரத்தை வேதிப்பொருளில் அடைத்து வைத்து, கேட்கும்போது திருப்பிக் கொடுக்கும் வித்தை. இந்தத் துறைக்குப் பெயர் மின்வேதியியல். இந்தியாவில் அதுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் இருக்கு. டெல்லியிலோ பெங்களூருவிலோ இல்லை. செட்டிநாட்டின் செம்மண் காட்டில், காரைக்குடியில். அது அங்கே வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு மனிதர்.

யார் இந்த அழகப்பர்?

1909 ஏப்ரல் 6 அன்று காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் பிறந்தவர் அழகப்பச் செட்டியார். நகரத்தார் குடும்பம். அந்தக் காலத்து நகரத்தார் பிள்ளைகளுக்குப் பாதை முன்கூட்டியே போட்டு வைத்ததுதான்: கணக்கு எழுதக் கத்துக்கணும், பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பல் ஏறணும், கொண்டுவிற்கணும். கல்லூரிப் படிப்பு எல்லாம் தேவையில்லாத செலவு. இவரோ காரைக்குடியில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. வாங்கினார். அவருடைய சமூகத்தில் முதல் எம்.ஏ. என்று இன்றும் சொல்கிறார்கள்.

அடுத்து லண்டன். பாரிஸ்டர் படிப்பு. அங்கேயே சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சி. அதோடு நிற்கவில்லை, க்ராய்டன் விமானத் தளத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு சான்றிதழும் வாங்கினார். 1930-களின் தொடக்கத்தில் விமானம் ஓட்டத் தெரிந்த ஒரு செட்டிநாட்டு இளைஞர்! வழக்கறிஞர், வங்கியாளர், விமானி என மூன்று வேலைக்கும் தகுதி. ஆனால் மூன்றையும் தொழிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பியவர் வியாபாரத்தில் இறங்கினார். மலேயாவில் ரப்பர் தோட்டம், கேரளத்தில் நூற்பாலை, பம்பாயில் ஹோட்டல், சென்னையில் திரையரங்கு, காப்பீடு, பங்கு வியாபாரம் என்று கையில் எடுக்காத தொழில் குறைவு. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் அவர் ஆலை தொடங்கிய இடம் இன்றைக்கும் அழகப்பநகர் என்ற பெயரிலேயே ஒரு ஊராட்சியாக இருக்கு. ஜுபிடர் ஏர்வேஸ் என்று ஒரு விமான நிறுவனமும் நடத்தினார். அது நீண்ட நாள் ஓடவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு உபரி விமானங்களை வாங்கிப் பலர் விமான நிறுவனம் தொடங்கி, பலர் மூடிய காலம் அது.

பிரிட்டிஷ் அரசு 'சர்' பட்டம் கொடுத்தது. நாடு விடுதலை அடைந்ததும் அந்தப் பட்டத்தை அவர் விட்டுவிட்டார்.

உடம்பை நோய் பிடித்தபோது

அவருடைய வாழ்க்கையைப் பற்றிய மேடைப் பேச்சுகளில் பல சமயம் மெதுவாகத் தாண்டிப் போகும் ஒரு விஷயம் இருக்கு. அழகப்பருக்குத் தொழுநோய் வந்தது.

அன்றைக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போ புரிவது கஷ்டம். 1898-ல் பிரிட்டிஷ் இந்தியா கொண்டுவந்த தொழுநோயாளர் சட்டம், வறிய நோயாளிகளைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க அனுமதித்தது. (அந்தச் சட்டம் முழுசாக ரத்தானது 2016-ல்தான் என்பது தனிக்கதை.) பணக்காரர்களை அந்தச் சட்டம் தொடாது. ஆனால் சமூகம் தொடாமல் விடுமா? கை குலுக்கத் தயங்குவார்கள், பந்தியில் பக்கத்தில் உட்கார யோசிப்பார்கள், குடும்பத்தின் மேலேயே பழி வரும். பலன் தரும் சல்போன் மருந்துகள் 1940-களில்தான் புழக்கத்துக்கு வரத் தொடங்கின. நோயை ஒரே அடியாக முடிக்கும் கூட்டு மருந்து சிகிச்சைக்கு 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படி ஒரு நோயோடு வீட்டுக்குள் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அழகப்பர் செய்தது நேர் எதிர். அவர் கொடுத்த பெரிய கொடைகள் எல்லாம் 1943-க்கும் 1957-க்கும் இடைப்பட்ட பதினாலு வருஷத்துக்குள் அடங்கிவிடும். அதாவது முப்பத்து நாலு வயதில் இருந்து சாகும் வரை. அவசரமாகக் கொடுத்த மனிதர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நோயால் வந்த அவசரமா, இயல்பே அப்படியா என்று வெளியில் இருந்து சொல்லிவிட முடியாது.

அந்த வேகத்துக்கு ஒரு உதாரணம் போதும். 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், வசதி படைத்தவர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று பேசினார். இந்த மாதிரி வேண்டுகோள்களுக்கு வழக்கமாகக் கைதட்டல்தான் கிடைக்கும். அழகப்பர் அங்கேயே எழுந்து காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார், ஒரு லட்சம் ரூபாயும் அறிவித்தார். ஆகஸ்ட் 11-ம் தேதி, விடுதலைக்கு நாலு நாள் முன்பு, காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்பு தொடங்கிவிட்டது. இன்றைக்கு ஒரு கல்லூரிக்கு அனுமதிக் கோப்பு ஒரு மேசையில் இருந்து அடுத்த மேசைக்குப் போவதற்கே ஐந்து வாரம் ஆகும்!

அதற்கு முன்னால், 1944-ல், சென்னை கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி வர ஐந்து லட்சம் கொடுத்திருந்தார். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ஏ.சி.டெக் அதுதான். 'ஏ.சி.' என்றால் அழகப்பச் செட்டியார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் கெமிக்கல் இன்ஜினீயர்களிடம் எங்கே படிச்சீங்க என்று கேட்டால் 'ஏ.சி.டெக்' என்று சொல்பவர்கள் கிடைப்பார்கள். அந்த இரண்டு எழுத்தின் விரிவைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்களோ.

சரி, ஆய்வகம் எப்படி வந்தது?

1940-களின் நடுவில் இந்தியா தன் தேசிய ஆய்வகங்களைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தது. அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு, அதாவது சிஎஸ்ஐஆர், 1942-ல் உருவானது. தலைமையில் சாந்தி ஸ்வரூப் பட்நாகர். இயற்பியல் ஆய்வகம் டெல்லிக்கு, வேதியியல் ஆய்வகம் புனேவுக்கு, உலோகவியல் ஆய்வகம் ஜாம்ஷெட்பூருக்கு என்று பிரிந்துகொண்டிருந்தது. எல்லாம் பெரிய நகரம், இல்லாவிட்டால் பெரிய தொழிற்சாலை இருக்கும் ஊர்.

காரைக்குடியில் அப்போது பெரிய தொழிற்சாலையும் இல்லை, ஆறும் இல்லை. இருந்தது அரண்மனை போன்ற வீடுகளும், வெளிநாட்டில் சம்பாதித்த பணமும், மானாவாரி நிலமும். அழகப்பர் மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த முடிவுதான் ஆய்வகத்தைத் தெற்கே இழுத்தது.

1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் ஆய்வகத்தைத் திறந்து வைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்பது முழுப்பெயர். ஊர்க்காரர்களுக்கு 'சிக்ரி'. பஸ்ஸில் 'சிக்ரி ஸ்டாப்' என்று கேட்டால்தான் இறக்கிவிடுவார்கள்.

ஒன்றைக் கவனிக்கணும். 1948-ல் மின்வேதியியல் என்றால் யாருக்கும் பேட்டரி போன் ஞாபகம் வந்திருக்காது. அலுமினியம், மெக்னீசியம் பிரித்தெடுப்பது, காஸ்டிக் சோடா தயாரிப்பது, முலாம் பூசுவது, இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது ஆகியவைதான் அன்றைய தேவை. சிக்ரியின் பெயர் தொழிற்சாலைகளில் பரவியதும் இப்படித்தான். காஸ்டிக் சோடா ஆலைகளில் கிராஃபைட் மின்முனைக்குப் பதிலாக டைட்டானியத்தின் மேல் பூச்சுப் போட்ட மின்முனையை உருவாக்கிக் கொடுத்தார்கள். ராமநாதபுரத்தின் மண்டபத்தில் கடல் காற்று உலோகத்தை எப்படித் தின்கிறது என்று பார்க்க ஒரு நிலையமே வைத்திருக்கிறார்கள்.

லித்தியம் அயனி செல் வந்தது ரொம்பப் பின்னால். 1970-களில் ஸ்டான்லி விட்டிங்காம் தொடங்கி, 1980-ல் ஜான் குட்எனஃப் கோபால்ட் ஆக்ஸைடைக் கொண்டுவந்து, 1985-ல் அகிரா யோஷினோ பாதுகாப்பான வடிவம் கொடுத்து, 1991-ல் சோனி விற்பனைக்கு விட்டது. மூன்று பேருக்கும் 2019-ல் நோபல் பரிசு. அழகப்பர் நிலம் கொடுத்தபோது இந்தக் கதையின் முதல் வரி கூட எழுதப்படவில்லை. ஆனால் ஆய்வகம் ஒன்று ஏற்கனவே இருந்ததால், லித்தியம் காலம் வந்தபோது நம்ம ஊரில் ஆரம்பத்தில் இருந்து தொடங்க வேண்டிய நிலை இல்லாமல் போனது. சிக்ரி தலைமையிலான குழு, சென்னை தரமணி வளாகத்தில் வேலை பார்த்து, உள்நாட்டு லித்தியம் அயனி செல் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. 2018 ஜூனில் ராசி சோலார் பவர் என்ற நிறுவனத்துக்கு அதை மாற்றிக் கொடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை அமைப்பது திட்டம்.

அப்போ ஆவடி கடையில் தொங்கும் பவர் பேங்குக்குள் இருப்பது காரைக்குடி செல்லா? இல்லை. பெட்டியில் 'மேட் இன் இந்தியா' என்று இருந்தாலும், உள்ளே இருக்கும் செல் பெரும்பாலும் இறக்குமதிதான், முக்கியமாகச் சீனாவில் இருந்து. இங்கே நடப்பது பெரும்பாலும் செல்லை வாங்கி, சர்க்யூட் போர்டோடு சேர்த்து, உறை மாட்டுகிற வேலை. ஆய்வகத்தில் ஒரு செல் செய்வதற்கும், ஆலையில் லட்சக்கணக்கான செல்களை ஒரே தரத்தில், சீனா விலைக்குச் செய்வதற்கும் இடையில் இருக்கும் தூரம் ரொம்ப அதிகம். அந்தத் தூரத்தைக் கடக்கத் தேவையானது அறிவு மட்டும் இல்லை. பணம், மூலப்பொருள், பொறுமை எல்லாம் வேணும். 1948-ல் 15 லட்சம் கொடுக்க ஒருத்தர் இருந்தார். இன்றைக்கு ஒரு செல் ஆலைக்கு ஆகும் செலவு ஆயிரக்கணக்கான கோடி.

கொடுத்தவர் போன பிறகு

அழகப்பரின் கொடைகளில் எல்லாமே சிக்ரி மாதிரி உறுதியாக நிற்கவில்லை. கணித மேதை ராமானுஜன் பெயரில் 1950-களின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு கணித ஆய்வு நிறுவனம் தொடங்கினார். முதல் இயக்குநர் டி.விஜயராகவன், ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்டியிடம் படித்தவர். அந்த நிறுவனம் அழகப்பரின் கையிருப்பை நம்பியே ஓடியது. 1955-ல் விஜயராகவன் இறந்தார். 1957-ல் அழகப்பரும் போனதும் நிறுவனத்தின் கதை முடிந்தது என்றே தோன்றியது. சிகாகோவில் இருந்த வானியற்பியலாளர் எஸ்.சந்திரசேகர் நேருவிடம் எடுத்துச் சொன்னார். சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. சேப்பாக்கம் வளாகத்தில் இன்றும் அது இருக்கு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். சிக்ரிக்கு அவர் நிலமும் முதல் பணமும் கொடுத்தார், நடத்தும் பொறுப்பை அரசு எடுத்துக்கொண்டது. ராமானுஜன் நிறுவனத்தை அவரே நடத்தினார். முதலாவது பிழைத்தது இயல்பாக; இரண்டாவது பிழைத்தது ஒரு விஞ்ஞானியின் தலையீட்டால். தனி ஒருவரின் பெருந்தன்மை எவ்வளவு பெரிசாக இருந்தாலும், அது அவர் ஆயுளுக்குக் கட்டுப்பட்டதுதான் என்று விமர்சிக்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இங்கே ஆவடிக்கும் ஒரு இடம் உண்டு. 1955 ஜனவரியில் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில்தான் சோஷலிச மாதிரி சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது. பெரிய தொழிலும் பெரிய நிறுவனமும் அரசின் கையில் இருக்க வேண்டும் என்ற பாதை அங்கே உறுதியானது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்ததும் அந்தக் காலத்தின் தொடர்ச்சிதான். தன் சொத்தைத் தானே பொதுச் சொத்தாக்கிய முதலாளி ஒருவர் காரைக்குடியில் இருந்த அதே ஆண்டுகளில், இந்தப் பக்கம் அதைச் சட்டமாகவும் திட்டமாகவும் ஆக்குவது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சிக்ரி இரண்டுக்கும் நடுவில் பிறந்த பிள்ளை.

கடைசி வருடங்களில் அழகப்பர் காரைக்குடியில் இன்ஜினீயரிங் கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பாலிடெக்னிக் என்று சேர்த்துக்கொண்டே போனார். வசித்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்காகக் கொடுத்தார். 1956-ல் பத்மபூஷண் வந்தது. 1957 ஏப்ரல் 5 அன்று இறந்தார். மறுநாள் அவருக்கு நாற்பத்தெட்டாவது பிறந்தநாள். அவர் தொடங்கிய கல்லூரிகளை ஒட்டி 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது.

வாங்கப் போறீங்களா? இதைப் பாருங்க

விஷயத்துக்கு வந்ததால் சில நடைமுறைக் குறிப்புகள். காந்த பவர் பேங்கில் '5000 எம்ஏஎச்' என்று போட்டிருந்தால், 5000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போன் முழுசாக ஏறும் என்று நினைக்க வேண்டாம். அந்த எண் உள்ளே இருக்கும் செல்லின் கொள்ளளவு, அதுவும் சுமார் 3.7 வோல்ட்டில். மின்னழுத்தத்தை மாற்றும்போதும், ஒயர் இல்லாமல் சுருள் வழியாகக் கடத்தும்போதும் கணிசமான பங்கு சூடாகப் போய்விடும். அதே பெட்டியை ஒயர் போட்டுப் பயன்படுத்தினால் இழப்பு குறையும். வீட்டில் இருக்கும்போது ஒயர், ரயிலில் நிற்கும்போது காந்தம் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சூடுதான் லித்தியம் செல்லின் முதல் எதிரி. சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவரிலோ, நிறுத்தி வைத்த கார் டேஷ்போர்டிலோ விட்டுவிட்டுப் போகாதீங்க. பெட்டி லேசாக உப்பியிருந்தால், உள்ளே செல்லில் வாயு சேர்ந்திருக்கு என்று அர்த்தம். குத்திப் பார்க்கவோ அழுத்தவோ கூடாது, அதற்குப் பிறகு சார்ஜும் போடக் கூடாது. குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடணும்.

விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்ப அனுமதி இல்லை. பொதுவான வரம்பு 100 வாட் அவர். 5000 எம்ஏஎச் என்றால் 18.5 வாட் அவர்தான், 10000 என்றால் 37. பயப்பட ஒன்றுமில்லை.

பவர் பேங்குகளுக்கு இந்தியாவில் பிஐஎஸ் பதிவு கட்டாயம். பெட்டியின் பின்பக்கத்தில் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கணும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்காகப் பதிவு செய்தது, தொழிற்சாலை எந்த நாட்டில் இருக்கு என்பதெல்லாம் வரும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம், ஒரு நிமிஷ வேலைதான்.